மேடையேறியதும் குறை காட்டும் பழங்கால உடை: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது

தையலறையில் பொம்மைக்கு மாட்டிப் பார்த்தபோது ஒரு சுருக்கம்கூட இல்லாத மேலாடை, உடை ஒத்திகையில் நடிகை நாலடி நடந்ததும் இடுப்பைவிட்டு மேலே ஏறிக்கொள்கிறது. நாடக உடை படிக்கிற எல்லோருக்கும் இது நடக்கிறது. பொம்மை மூச்சு விடுவதில்லை, கை தூக்குவதில்லை, படியேறுவதில்லை. நடிகை இவை அத்தனையும் செய்கிறாள், வாரத்தில் எட்டுக் காட்சிகள் என்றால் எட்டு முறையும் செய்கிறாள்.

நான் லண்டனில் இந்தப் படிப்பில் இருக்கிறேன். இந்த ஆண்டு முழுக்க எங்களுக்கு 1870, 1880களின் ஆங்கிலப் பெண்கள் உடைதான் பாடம். பகலில் தையலறை, மாலையில் மேடையின் பின்புறம். அடுத்த ஆண்டு வருகிறவர்களுக்காக, மேடையில் பார்த்த கோளாறுகளை அறிகுறி வாரியாக எழுதிவைக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த உடைகளில் வலிக்கிற இடம் ஒன்று, நோய் இருக்கும் இடம் வேறு. கிழிந்த இடத்தை உடனே தைக்க உட்காராதீர்கள்.

கத்தரியைத் தொடும் முன்

அந்தக் காலப் பெண் மேலாடைக்குள் உடம்போடு ஒட்டி ஒரு பருத்தி உள்சட்டை அணிந்தாள். அதன்மேல் கார்செட் (கம்பிகள் வைத்துத் தைத்து, பின்னால் நாடாவால் இறுக்கிக் கட்டும் இடுப்புக்கச்சை), கார்செட்டின்மேல் ஒரு மெல்லிய உறை, பிறகு உள்பாவாடைகள், பின்புறம் புடைப்பதற்கான பஞ்சணை அல்லது கம்பிக்கூடு, பாவாடை, கடைசியாக மேலாடை. வெளியே தெரிவது கடைசி அடுக்கு மட்டுமே. அளவு பார்த்த நாளன்று அவள் அணிந்த அதே கார்செட்தானா இன்றும் அணிந்திருக்கிறாள்? நாடா அதே அளவுக்கு இழுக்கப்பட்டிருக்கிறதா? அதே செருப்புத்தானா? உள்பாவாடை கார்செட்டின் மேலே கட்டப்பட்டிருக்கிறதா, கீழேயா? இவற்றைக் கேட்டாலே பாதிக் கோளாறுகள் ஊசி இல்லாமல் தீர்ந்துவிடும். கார்செட்டை 3 செ.மீ. தளர்வாகக் கட்டிவிட்டால் மேலாடையின் எல்லாத் தையலும் இடம் மாறி நிற்கும். அன்றைக்கு மேலாடையைப் பிரித்துத் தைத்தால், மறுநாள் கார்செட் சரியாகக் கட்டப்பட்டதும் அது தொளதொளவென்று தொங்கும்.

கை தூக்கினால் மேலாடை முழுவதும் ஏறுகிறது

புதிதாகத் தைப்பவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். நடிகை அலமாரியின் மேல்தட்டை எட்டுகிறாள். இடுப்பில் கச்சிதமாக இருந்த மேலாடை ஒரு சாண் மேலே போய்விடுகிறது, அக்குளில் தையல் இழுக்கிறது. கைக்குழி இறுக்கமாக இருக்கிறது என்று நினைத்து, அக்குளை இன்னும் 2 செ.மீ. இறக்கி வெட்டுகிறோம். அடுத்த ஒத்திகையில் நிலைமை இன்னும் மோசமாகிறது.

ஊரில் ரவிக்கை தைக்கும் என் அத்தை இதை நான் பள்ளியில் படித்த காலத்திலேயே சொல்லியிருக்கிறாள்: "அக்குளை இறக்காதே, இறக்கினால் தூக்கும்." அப்போது புரியவில்லை. இப்போது ஒரு பழைய சட்டையை எடுத்துப் பாருங்கள். கை சுழல்வது தோள் மூட்டில். கைக்குழியின் அடிப்பகுதி அக்குளை ஒட்டி இருந்தால், கை மேலே போகும்போது சட்டைக் கை மட்டும் கூடவே போகும், உடல் துணி அப்படியே நிற்கும். கைக்குழி 4 செ.மீ. கீழே இருந்தால், கைத்துணி அந்தத் தாழ்ந்த புள்ளியைப் பிடித்து இழுக்கும். அங்கிருந்து இடுப்பு வரை உள்ள பக்கத் தையல் முழுவதும் கயிறு கட்டிய வாளிபோல மேலே வரும்.

அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அந்தக்கால மேலாடைகளின் கைக்குழியைக் கவனியுங்கள். ஒரு குழந்தைச் சட்டைக்கு வெட்டியதுபோல் சிறியதாக, உயரத்தில் இருக்கும். முதுகு குறுகலாக இருக்கும். தோள்பட்டைத் தையல் தோளின் உச்சியில் இல்லாமல் பின்பக்கம் சரிந்திருக்கும். கை இரண்டு துண்டுகளாக, முழங்கையில் முன்பக்கம் வளைந்தபடி வெட்டப்பட்டிருக்கும்.

சோதிப்பது எளிது. மேலாடையை அணிந்தபடி நடிகை கையைக் கீழே தொங்கவிடட்டும். அக்குளுக்கும் கைக்குழியின் அடிக்கும் நடுவே உங்கள் விரலை வையுங்கள். ஒரு விரல் நுழைந்தால் போதும். மூன்று விரல் நுழைந்தால் கோளாறு அங்கே இருக்கிறது.

ஏற்கெனவே வெட்டியாகிவிட்டதா? துண்டுகளைப் பொருத்துவதற்காக விளிம்பில் போட்ட முன் அடையாள வெட்டிலிருந்து பின் அடையாள வெட்டு வரை, கைத்துணியின் கீழ்ப்பாதித் தையலை மட்டும் பிரியுங்கள். உடல் பகுதியின் குழியில் ஒரு பிறைத் துண்டை வைத்துத் தைத்து அடியை உயர்த்துங்கள். கைத்துணியின் அடியிலும் அதே அளவுக்கு ஒரு பிறை. இரண்டும் அக்குளுக்குள் மறைந்துவிடும், முதல் வரிசையில் இருப்பவருக்கும் தெரியாது. இதற்கு நேரமில்லை என்றால், அதே துணியை மூலைவாக்கில் வெட்டி, 8 முதல் 10 செ.மீ. நீளத்தில் ஒரு சாய்சதுரத் துண்டை அக்குளில் வைத்துத் தையுங்கள். நான்கு மூலைகளிலும் பின்னால் சிறு பருத்தித் துண்டு கொடுத்து இரட்டைத் தையல் போடாவிட்டால், மூன்றாம் காட்சியில் மூலை பிய்ந்துவிடும்.

கையை முன்னே நீட்டும்போது மட்டும் முதுகு இறுகினால் அது வேறு விஷயம். முதுகை அகலப்படுத்தாதீர்கள். அந்தக் குறுகிய முதுகுதான் பார்த்தவுடன் காலத்தைச் சொல்கிறது. அதற்குப் பதிலாகக் கைத்துணியின் மேல்வளைவில், பின்பாதியில் சிறிது அதிகத் துணி விட்டு, சுருக்கி ஏற்றுங்கள். கைகளை இடம் வலம் மாற்றித் தைத்துவிட்டோமா என்றும் ஒருமுறை பாருங்கள். இரண்டு துண்டுக் கையில் இந்தத் தவறு எளிதில் நடக்கும், முழங்கை வளைவு பின்னோக்கி இருந்தால் கண்டுபிடித்துவிடலாம்.

கை தூக்காமலே ஏறுகிறது

அப்படியென்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். 1870களின் கடைசியில் மேலாடை இடுப்பைத் தாண்டி, இடுப்பெலும்பின்மேல் கவசம்போல் நீண்டது. கீழ் விளிம்பு இறுக்கமாக இருந்தால், அது விரிந்த இடத்தைவிட்டுக் குறுகிய இடத்தைத் தேடி மேலே நகரும். பக்கத் தையலைக் கீழிருந்து ஓர் உள்ளங்கை நீளத்துக்குப் பிரித்து விட்டுப் பாருங்கள். சட்டென்று கீழே இறங்கி உட்கார்ந்தால், விடை கிடைத்துவிட்டது.

உட்காரவில்லை என்றால், உள்ளே இடுப்பு நாடா இருக்கிறதா? அந்தக் காலத் தையற்காரர்கள் மேலாடையின் உட்புறம், இடுப்புக் கோட்டில், ஓர் உறுதியான நாடாவை வைத்தார்கள். பாரிஸில் சார்லஸ் வொர்த் போன்ற பெரிய உடை வடிவமைப்பாளர்களின் கடைப்பெயர் நெய்யப்பட்டிருப்பதும் இந்த நாடாவில்தான். இதை மேலாடையைச் சுற்றி முழுக்கத் தைக்கக் கூடாது. பின் நடுத்தையலிலும் அதற்கு இருபுறமும் உள்ள தையல்களிலும் மட்டும் பிடித்து, முன்பகுதியைத் தொங்கவிட வேண்டும். மேலாடையின் இடுப்பளவைவிட 2 செ.மீ. குறைவாக வெட்டுங்கள். அணியும்போது முதலில் இந்த நாடாவின் கொக்கி, அதன் பிறகே முன்பக்கக் கொக்கிகள். இழுவிசை முழுவதையும் நாடா வாங்கிக்கொள்ளும், மேல்துணி அலுங்காமல் நிற்கும்.

முன்பக்கக் கொக்கிகள் தெறிக்கின்றன என்று புகார் வந்தாலும் முதலில் இந்த நாடாவையே பாருங்கள். நாடாவை மாட்டாமல் நேரே கொக்கியைப் போட்டிருப்பார்கள். அதுவும் சரியாக இருந்தால்தான் கொக்கியைக் குறை சொல்ல வேண்டும். அடியிலுள்ள இரு சிறு வளையங்களை மட்டும் தைத்து மூக்கைத் தைக்காமல் விட்ட கொக்கி ஆடும், ஆடுகிற கொக்கி கழலும். ஒரே பக்கம் எல்லாக் கொக்கியும் எதிர்ப்பக்கம் எல்லா வளையமும் என்று வைக்காமல், ஒன்றுவிட்டு ஒன்று மாற்றி வைத்த பழைய மேலாடைகள் உண்டு. ஒன்று தளர்ந்தாலும் அடுத்தது எதிர்த்திசையில் பிடித்துக்கொள்ளும். மேடைக்கு நான் இதையே தேர்ந்தெடுக்கிறேன்.

கார்செட்டில் சாய்ந்த சுருக்கங்கள்

இடுப்பில் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஓடும் சுருக்கங்கள் இறுக்கத்தால் வருவதில்லை. துண்டுகள் இடம் நகர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு துண்டிலும் இடுப்புக்கோடு வரைந்திருப்பீர்கள். தைக்கும்போது மேல் விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்து அங்கிருந்து தொடங்கினால், இடுப்புக்கு வருவதற்குள் ஒரு துணி 3 மி.மீ. நகர்ந்திருக்கும். ஆறு தையலில் அது கிட்டத்தட்ட 2 செ.மீ. திருகல். இடுப்புக்கோட்டில் ஊசி குத்தி, அங்கிருந்து மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை தையுங்கள். தைத்து முடித்ததற்கு மருந்து பிரிப்பது மட்டுமே. அதனால்தான் முதல் மாதிரியைக் காடாத் துணியில் தைத்து, கம்பியும் நாடாவும் போட்டு உடம்பில் பார்க்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

பின்னால் நாடா கட்டும் இடைவெளியையும் படியுங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக, 5 செ.மீ. அளவில் இருந்தால் நல்லது. மேலே அகன்றால் விலாவுக்கு இடம் போதவில்லை, கீழே அகன்றால் இடுப்பெலும்புக்குப் போதவில்லை. நாடாவை இன்னும் இழுத்து இதைச் சரிசெய்ய முடியாது.

நடிகைக்கு மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்றால் அந்தக் கணமே நாடாவைத் தளர்த்துங்கள். இதில் விவாதமே வேண்டாம். பிறகு காரணம் தேடுங்கள். பெரும்பாலும் ஒரே இழுப்பில் கட்டியிருப்பார்கள். முதலில் தளர்வாகக் கட்டி, பத்து நிமிடம் நடமாடவிட்டு, பிறகு இடுப்பில் உள்ள இரண்டு நாடா வளையங்களைப் பிடித்து இறுக்க வேண்டும். பாடுகிறவராக இருந்தால், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து நிறுத்தியபோது அளவு எடுத்திருக்க வேண்டும். ஒத்திகையின் முதல் வாரத்திலேயே ஒரு பழைய கார்செட்டைக் கொடுத்துவிட்டால், உடம்பு தானாகப் பழகிக்கொள்ளும், வசனத்தில் மூச்சு எடுக்கும் இடங்களும் அதற்கேற்ப அமையும்.

கம்பி குத்துகிறது

அந்தக் காலத்தில் 'திமிங்கல எலும்பு' என்று சொன்னது எலும்பே இல்லை. சில வகைத் திமிங்கலங்களின் வாயில் உணவை வடிகட்டும் தகடு அது. நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே வகைப் பொருள். உடம்புச் சூட்டில் சற்று இளகி உடலின் வடிவத்துக்கு வளையும். இன்று நாம் போடுவது செயற்கைத் தகடும் எஃகும். எஃகு அப்படி விட்டுக்கொடுக்காது.

கம்பிக்கான பட்டியின் நீளத்துக்கே கம்பியை வெட்டியிருந்தால், சில நாள் உடுத்தியதும் முனை துணியைத் துளைத்து வெளியே வரும். இரு முனையிலும் சேர்த்து 1 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக இடம் விடுங்கள். எஃகுக்கு மூடி போடுங்கள். செயற்கைத் தகடென்றால் முனையை வட்டமாக வெட்டி, அரத்தால் தேய்த்து, உங்கள் கன்னத்தில் உரசிப் பாருங்கள். கன்னத்தில் கீறாதது துணியையும் கீறாது. காட்சிக்கு நடுவே குத்தத் தொடங்கினால், மெல்லிய தோல் அல்லது கெட்டியான ஒட்டுப்பட்டித் துண்டை உட்புறம் வைத்து நாலு தையல் போட்டு அனுப்புங்கள். இரவு வந்து சரியாகச் செய்யலாம்.

கண்துளைகள் பிய்ந்துவருகின்றன

நாடா கோக்கும் கண்துளையின் உலோக வளையம் கழன்று வந்தால், துளையைக் கத்தரியால் வெட்டியிருக்கிறார்கள். வெட்டினால் பாவும் ஊடும் அறுபடுகின்றன, வளையத்துக்குப் பிடிக்க நூல் இல்லை. குத்தூசியால் துளையிடுங்கள். முனையை மெல்லத் திருகிக்கொண்டே அழுத்தினால் நூல்கள் அறுபடாமல் விலகி ஒதுங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஊசியின் தடித்த பகுதி வரை இறக்கி, எடுத்த உடனே வளையத்தைப் போட வேண்டும். இரண்டு நிமிடம் தாமதித்தால் நூல்கள் திரும்பச் சேர்ந்து துளை சிறுத்துவிடும்.

உலோக வளையங்கள் 1820களின் கடைசியில்தான் வந்தன. நாடகம் 18ஆம் நூற்றாண்டில் நடந்தால், துளையைச் சுற்றிக் கைத்தையல்தான். மெழுகிட்ட நூலால் நெருக்கமாகச் சுற்றித் தைத்த துளை, அவசரத்தில் அடித்த உலோக வளையத்தைவிட அதிக நாள் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு துளைக்கு எனக்குப் பத்து நிமிடம் ஆகிறது.

பாவாடை காலில் சிக்குகிறது

ஓரத்தை மடித்துத் தைக்கும் முன் செருப்பைக் கேளுங்கள். ஒத்திகையில் ஒரு குதிகால் உயரம், மேடையில் வேறொன்று என்பது பழைய கதை. செருப்பு சரியென்றால், பாவாடையின் பட்டி இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கார்செட்டின் முன்பக்கத்தில் ஒரு கொக்கி வைத்தால் அது இறங்காது. முன்பக்கம் தரையிலிருந்து 3 அல்லது 4 செ.மீ. உயரம் இருக்கட்டும், பின்பக்கம் தரையைத் தொடலாம். படியேறும் காட்சி இருந்தால் பாவாடையைப் பிடித்துத் தூக்கும் விதத்தை நடிகைக்கு நீங்களே காட்டுங்கள்: விரல் நுனியால், முன்துணியை மட்டும், கணுக்கால் தெரியாத அளவுக்கு. இதை இயக்குநர் சொல்லித்தருவார் என்று விட்டுவிடாதீர்கள்.

தரையில் உரசும் விளிம்பு நைந்துபோனால் வருந்த வேண்டாம். அந்தக் காலத்திலும் விளிம்பில் தூரிகைபோல் இழை நீட்டிய ஒரு நாடாவைத் தைத்து, அது தேய்ந்ததும் மாற்றிக்கொண்டார்கள்.

உடை மாற்றம் நேரத்துக்குள் முடியவில்லை

இதற்காக உடையைக் குறை சொல்லும் முன், ஒரு முறை மாற்றத்தைப் பக்கத்தில் நின்று கவனித்து எழுதுங்கள். கடந்த பருவத்தில் ஒரு நாடகத்தில் எங்களுக்கு 45 விநாடி இருந்தது, 70 ஆகிக்கொண்டிருந்தது. பித்தான்களை எல்லாம் எடுத்துவிட்டு வெல்க்ரோ வைத்தோம். அறுபதுக்குக் குறையவில்லை. கூடவே, மேடையில் இரண்டு பேர் அமைதியாக நிற்கும் கணத்தில் வெல்க்ரோ பிரியும் சத்தம் அரங்கு முழுவதும் கேட்டது. பிறகுதான் நேரம் எங்கே போகிறது என்று பார்த்தோம். நடிகை ஒவ்வொரு முறையும் இருட்டில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். பாவாடையைத் தலைவழியாக மாட்டும்போது திறப்பு எந்தப் பக்கம் என்று உடுத்திவிடுபவர் தடவிக்கொண்டிருந்தார்.

செருப்பை ஒரு வெள்ளைத் துணிமேல், நுழைக்கும் திசையில் வைத்தோம். பாவாடையை நாற்காலியில் மாட்டாமல், தரையில் வட்டமாக, நடுவில் இரண்டு கால் வைக்க இடம் விட்டுப் பரப்பினோம். நடிகை உள்ளே கால் வைத்ததும் தூக்கினால் போதும். இடுப்புப் பட்டியின் பின்நடுவில் உட்புறம் ஒரு சிவப்பு நூல் முடிச்சு. 40 விநாடியில் முடிந்தது. அதன்பின் பித்தான்களைத் திரும்ப வைத்து, அவற்றுக்கு அடியில் அழுத்து பொத்தான்களை மறைத்தோம். வெளியே பார்ப்பவருக்குப் பன்னிரண்டு பித்தான் போட்ட மேலாடை.

யார் எந்தக் கையால் எதைத் தொடுகிறார்கள் என்பதை நடனம்போல் முடிவு செய்துகொள்ளுங்கள். நடிகை காதணியைக் கழற்றுகிறாள் என்றால் அவள் கை அங்கே இருக்கிறது, அப்போது கையை நீட்டச் சொல்லக் கூடாது. முதலில் நல்ல வெளிச்சத்தில், அடுத்து மேடைப் பின்புறத்தின் மங்கிய நீல வெளிச்சத்தில், பிறகு நிறுத்து கடிகாரத்தோடு. வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு யாரும் பக்கத்திரைக்கு அருகே வரக் கூடாது. உடுத்திவிடுபவரின் இடுப்புப் பையில் கறுப்பு, வெள்ளை, தோல்நிற நூல் கோத்த ஊசிகள் மூன்று தயாராக இருக்கட்டும். கத்தரியை நாடாவால் கட்டிவையுங்கள்.

விளக்கடியில் நிறம் தப்பாகத் தெரிகிறது

பளீரென்ற வெள்ளை விளக்கில் கண்ணைக் குத்தும், முகத்தை விழுங்கிவிடும். தேநீர்ச் சாற்றில் ஒரு முறை முக்கி எடுங்கள். கடும் ஊதாவைப் பார்த்து இது பழங்காலத்துக்குப் பொருந்தாது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வில்லியம் பெர்க்கின் 1856இல் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்த பிறகு லண்டன் தெருக்களில் கூசுகிற நிறங்கள் நிறையவே இருந்தன. ஆனால் துணி வாங்கும் முன் ஒரு முழம் வெட்டி அந்தக் காட்சியின் விளக்கிலேயே பிடித்துப் பாருங்கள்.

வியர்வை வாடை

பட்டு மேலாடையைத் துவைக்க முடியாது. அந்தக் காலத்திலும் துவைக்கவில்லை, உள்சட்டைகளைத்தான் துவைத்தார்கள். ஒவ்வொரு நடிகைக்கும் குறைந்தது மூன்று உள்சட்டைகள் தையுங்கள், ஒவ்வொரு இரவும் துவைக்கப் போடுங்கள். அக்குளில் கழற்றிவைக்கும்படி பருத்தித் திண்டுகளை அழுத்து பொத்தானில் மாட்டுங்கள். வோட்காவையும் தண்ணீரையும் கலந்து உள்துணியில் தெளித்துக் காயவிடுவது உலகமெங்கும் நாடக உடையறைகளில் உள்ள பழக்கம், வாடை போகும். பட்டின் வெளிப்பக்கத்தில் தெளித்தால் கறை நிற்கும், அதனால் மறைவான மூலையில் சோதித்துவிட்டு உள்ளிருந்து மட்டும் தெளியுங்கள்.

திரை விழுந்ததும் மேலாடையை அலமாரிக்குள் அடைக்காதீர்கள். உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, காற்றோட்டத்தில் தொங்கவிடுங்கள். தொங்கவிடும்போதே அக்குள், கொக்கி, இடுப்பு நாடா மூன்றையும் விரலால் தடவிப் பாருங்கள். நூல் தளர்ந்திருந்தால் அந்த இரவே உடையறைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்: எந்த உடை, எந்தத் தையல், எந்தக் காட்சியின்போது.